மரகதக் கிண்ணமும் சிறைக்கூடமும்

எனது ஊர் தாமிரவருணி கடலொடு கலக்குமிடத்தை அடுத்துள்ள ஒரு சிற்றூர். அவ்வூரினின்றும் இக்கல்லூரிக்கு வந்த முதலாண்டில், “உமது ஊர் எது?” என்று வினவிய தோழர்க்கு அதன் பெயரைக் கூற நாணித் “தூத்துக்குடிப் பக்கம்” என்று சொல்லி நழுவிவிடுவது என் வழக்கமாயிருந்தது. பெரும்பெரும் நகரங்களின் பெயரைச் சொல்லுவோர் நடுவே, மணலும் பனையும் கருவாட்டு மணமும் அன்றி வேறொன்றுமில்லாத ஓர் ஊரின் பெயரை எங்ஙனம் எடுத்துரைப்பது? என் பாட்டனார் பாய்த்தோணி ஓட்டிய தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பலகாற் சென்று மீண்டவர். அவரைக் குறித்தும் யான் ஒருவரிடத்தும் பேசியதில்லை. இந்த நாணத்தை என்னிடமிருந்து அகற்றியது யான் கண்ணாற் கண்டறியாத ஓர் இத்தாலிய நகரம் என்றால் நண்பர்கள் வியப்புறுவர். அந்நகரின் பெயர் ஜெனோவா.

பாண்டிநாட்டுத் துறைமுகங்களைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்து வருமாறு எம் ஆசிரியர் ஒருமுறை பணித்தார். கொற்கையைப் பற்றி எழுதச் சங்க நூல்கள் துணைசெய்தன. கொற்கைக்குப்பின் சிறந்து விளங்கிய காயலைப் பற்றி எழுதப் புகுந்தபோதோ, மார்க்கோ போலோவின் பயண நூலை நாடவேண்டியதாயிற்று. நூல்நிலையத்தில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்துப் புரட்டினேன். அந்நூல் 1298-ஆம் ஆண்டில் ஜெனோவா நகரத்துச் சிறையில் எழுதுவிக்கப்பட்டது என்னும் செய்தி அதன் முகப்பிலேயே காணப்பட்டது. காயலைப் பற்றிய செய்தி சிறைக்கூடத்திலிருந்தா வந்தது என்று திகைத்தேன். அன்று தொடங்கிக் காயலை விடுத்து ஜெனோவாவின் பின்னே சென்றது என் மனம். அந்நகரைப் பற்றிய நூல்களையும் படங்களையும் தேடித்தேடிக் கண்டேன். அவ்வாறு கண்டவற்றையே ஈண்டுச் சுருங்க உரைக்கின்றேன்.

இத்தாலியின் வடமேற்கில், லிகூரியாக் கடல் வில்போல் வளைந்து நிற்கும் இடத்தில் ஜெனோவா அமைந்துள்ளது. அதன் பின்னே அப்பென்னைன் மலைத்தொடர் கடலை நெருங்கி மதில்போல் எழுந்து நிற்கின்றது. மலைக்கும் கடலுக்கும் நடுவே பரந்த வயல்வெளி கிடையாது. ஆகவே நகரம் அகலத்தில் வளர இயலாது உயரத்தில் வளர்ந்தது. ஒருவர் வீட்டுக் கூரை மற்றொருவர் வீட்டு வாயிற்படிக்கு நேராக நிற்கும் வண்ணம், மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள் ஏறிச் செல்லுகின்றன. மேலேறுதற்கு மக்கள் படிக்கட்டுகளையேயன்றி லிப்டுகளையும், கம்பியால் இழுக்கப்பெறும் வண்டிகளையும் தெருக்களைப் போலவே பயன்படுத்துகின்றனர். பழைய துறைமுகத்தை அடுத்த சந்துகளோ மிகக் குறுகியவை. இருபுறத்து வீடுகளும் ஓங்கி நிற்றலின், நண்பகலிலும் அங்கே கதிரொளி அரிதாகவே விழும். துறைமுகத்தின் ஒருபுறத்தே கற்பாறையின்மீது 77 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கம் நிற்கின்றது. 1543-ஆம் ஆண்டில் இப்போதுள்ள வடிவில் எழுப்பப்பெற்ற அதுவே அந்நகரின் அடையாளம்.

உழுதற்கு நிலமில்லாத மக்கள் கடலை உழுதனர். மரக்கலத்தையே கழனியாகக்கொண்ட அந்நகரத்தார் வாணிகத்திலும் போரிலும் வல்லவராயினர். 1284-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மெலோரியா என்னுமிடத்துக் கடற்போரில் பீசா நகரத்தாரை முறியடித்து ஆயிரக்கணக்கானோரைச் சிறைபிடித்துச் சென்றனர். “பீசாவைக் காண விரும்புவோன் ஜெனோவாவுக்குச் செல்க” என்று ஒரு பழமொழியே அக்காலத்தில் எழுந்ததாம். பின்னர் 1298-ஆம் ஆண்டில், லம்பா டோரியா என்பவனது தலைமையில் கர்சோலாத் தீவினருகே வெனிஸ் நகரத்தின் கப்பற்படையையும் வென்றனர். கருங்கடற் கரையில் காபா என்னும் துறைமுகத்தை 1475-ஆம் ஆண்டுவரை தம் கையில் வைத்திருந்தனர். கூலமும் மென்மயிர்த் தோலும் விற்கப்பட்ட அத்துறையில் மக்களும் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்பதை மறைத்தல் கூடாது. “பெருமிதமுடையாள்” என்பது ஜெனோவாவுக்கு வழங்கிவரும் சிறப்புப் பெயர். அப்பெயரில் புகழும் உண்டு, பழியும் உண்டு.

இங்ஙனம் பெருமிதங் கொண்ட நகரம் தன் உயிரினும் மேலாகப் போற்றிய பொருள் ஒன்று உண்டு. 1101-ஆம் ஆண்டில், சிலுவைப்போரின்போது, பாலஸ்தீன நாட்டுச் செசரியா நகரைக் கைப்பற்றிய ஜெனோவா வீரர், கொள்ளையில் தமக்குரிய பங்காக ஆறுமூலையுடைய ஒரு பச்சைக் கிண்ணத்தைக் கொணர்ந்தனர். அது முழு மரகதத்திற் குடைந்தெடுத்தது என்றும், நம் ஆண்டவர் தம் சீடரோடு உண்ட இறுதி இராப்போசனத்தில் வைக்கப்பட்ட கலம் என்றும் பிற்காலத்தார் நம்பினர். கரிய கல்லும் வெண்சலவைக் கல்லும் மாறிமாறி வரிசையாக அமைந்த முகப்பினையுடைய தூய லாரன்ஸ் பேராலயத்தில் அஃது எழுநூறு ஆண்டுகள் காக்கப்பட்டது. 1806-ஆம் ஆண்டில் நெப்போலியன் அதனைப் பாரிசுக்கு எடுத்துச் செல்வித்தான். ஆங்கு அதனை ஆராய்ந்த அறிஞர், அது மரகதமன்று, பச்சை நிறக் கண்ணாடியே என்று துணிந்தனர். 1816-ஆம் ஆண்டில் கிண்ணம் தாய்நகருக்குத் திரும்பியபோது பல துண்டுகளாக உடைந்திருந்தது. ஒரு துண்டு காணாமலே போயிற்று. துண்டுகளை ஒட்டவைத்துப் பேராலயத்துக் கருவூலத்தில் இன்றும் வைத்திருக்கின்றனர். அது 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் இசுலாமிய நாட்டுக் கைத்தொழிலாளர் வார்த்த கண்ணாடி என்பது இக்கால ஆராய்ச்சியாளரின் கருத்து.

இச்செய்தியைப் படித்தபோது முதலில் எனக்கு நகைப்பே தோன்றியது. பின்னர் அந்நகைப்பு அடங்கிற்று. அன்றிரவு ஆண்டவரோடு பந்தியிருந்தவர் யாவர்? அவருட் பலர் வலை வீசிப் பிழைத்த மீனவர். இரவல் வாங்கிய மேலறையில், தச்சன் மகனும் மீனவரும் அமர்ந்துண்ட பந்தியில் மரகதக் கலத்துக்கு இடமேது? மண்கலமோ மரக்கலமோதான் இருந்திருத்தல் வேண்டும். எழுநூறு ஆண்டுகளாக அக்கிண்ணத்தின் முன் மண்டியிட்ட மக்களில், மீனவர் வீட்டுச் சோற்றுக்கலத்தை நினைத்துப் பார்த்தோர் எத்துணைப் பேரோ! அவர்களை நகைக்க எனக்கு உரிமையில்லை. தோணி ஓட்டியவரின் பேரனாகிய யானே என் ஊர்ப்பெயரை மறைத்துத் திரிந்தவனல்லனோ?

இனி அச்சிறைக்கூடத்தின் கதையைக் காண்போம். வெனிஸ் நகரத்து வணிகன் மார்க்கோ போலோ, கீழ்த்திசை நாடுகளில் ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் உலவி 1295-ஆம் ஆண்டில் தன் நகருக்கு மீண்டான். சின்னாட்களில் ஜெனோவாவுக்கும் வெனிசுக்கும் நிகழ்ந்த போரில் பகைவர் கையில் அகப்பட்டான். அவன் பிடிபட்டது கர்சோலாப் போரிலா, அதற்கு முந்தியதொரு சிறு போரிலா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். எவ்வாறாயினும் 1298-ஆம் ஆண்டில் அவன் ஜெனோவாச் சிறையில் இருந்தான். துறைமுகத்தின் ஓரத்தே 1260-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட தூய ஜார்ஜ் மாளிகையே அச்சிறை என்று வழிவழியாகக் கூறுவர். அவ்விடத்தில் அவனுக்கு ஒரு தோழன் வாய்த்தான். அவன் பீசா நகரத்தவன், ருஸ்திகெல்லோ என்பவன். மெலோரியாப் போரிலே பிடிபட்டவன் என்று கருதப்படுபவன். ஆர்தர் மன்னனது கதைகளை எழுதிப் பழகிய கை அவனுடையது. வெனிசுக்காரன் சொன்னான்; பீசாக்காரன் எழுதினான். இருவரும் ஜெனோவாவின் பகைவர். இருவர்க்கும் பொழுது போகவில்லை. இந்நிலையிற் பிறந்ததே ஐரோப்பியர்க்குக் கீழ்த்திசையின் வாயிலைத் திறந்துவிட்ட அந்நூல்.

அந்நூலிலே நம் நாட்டுப் பகுதியை அடைந்தபோது என் நெஞ்சு விரைந்து துடித்தது. மாபார் என்று அவன் குறிக்கும் பாண்டிநாட்டை ஐந்து உடன்பிறந்த அரசர் ஆண்டனர் என்கின்றான். முத்துக்குளிப்பை அவன் விரித்துரைத்திருக்கும் திறம், கரையில் அமர்ந்து கண்டவன் சொல்வதுபோல் இருக்கின்றது. குளிப்பு ஏப்ரல் மாதத்தில் தொடங்கி மே நடுப்பகுதிவரை நடைபெறும் என்றும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு செல்லும் என்றும், பெருமீன்கள் குளிப்பாளரைத் தாக்காதபடி மந்திரத்தால் வாய்கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்படும் என்றும் கூறுகின்றான். காயல் என்னும் பெருநகர் ஐவருள் மூத்த அரசனுக்குரியது. ஓர்மசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிவரும் கப்பல்களெல்லாம் அத்துறையிலே வந்து தங்கும் என்கின்றான். அந்நாட்டார் எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டிருப்பதையும் விடாது குறித்திருக்கின்றான். தூய தோமாவின் கல்லறை மாபாரில் ஒரு சிற்றூரில் உள்ளது என்றும், கிறிஸ்தவரும் இசுலாமியரும் அவ்விடத்துக்கு யாத்திரை வருவர் என்றும் எழுதுவித்திருக்கின்றான். ஜெனோவாச் சிறையின் இருளிலே அமர்ந்து ஒருவன் எம் ஊர்க் கடலின் முத்தை எண்ணியிருக்கின்றான் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மெய் சிலிர்க்கின்றது.

அந்தக் காயல் இன்று எங்கே? தாமிரவருணி கொண்டுவந்து கொட்டிய வண்டலினால் கடல் பின்வாங்கிற்று. கொற்கை சென்ற வழியே காயலும் சென்றது. பழைய காயலில் கால்டுவெல் ஐயர் நிலத்தை ஆராய்ந்தபோது, சீனநாட்டுப் பீங்கான் ஓடுகளும் அரபுநாட்டுக் கல ஓடுகளும் கிடைத்தன. ஓடுகளை விட்டால், அந்நகரின் அன்றாட வாழ்வை நம் கண்முன் நிறுத்துவது பெரும்பாலும் அயலார் எழுதிவைத்த குறிப்புக்களேயாம். ஜெனோவாவோ மலையடியிலேயே ஆழ்ந்த நீரைப் பெற்றிருத்தலின் துறைமுகமாகவே நிலைத்துவிட்டது.

நிலைத்ததோடு செல்வத்திலும் கொழித்தது. 1407-ஆம் ஆண்டில் பெயர்பெற்ற தூய ஜார்ஜ் பாங்கு தோன்றிற்று. நகரத்தில் ஒரு கம்பளி நெசவாளனுக்கு 1451-ஆம் ஆண்டிற் பிறந்த கொலம்பஸ், 1492-ஆம் ஆண்டில் மேற்கே கடல் கடந்தது தன் நகரத்துக் கப்பலிலன்று. ஸ்பெயின் அரசரின் கப்பலில். மார்க்கோ போலோவின் நூலை அவன் கூர்ந்து படித்ததற்கு, தன் படியின் ஓரங்களில் அவன் எழுதிய குறிப்புக்கள் சான்றாக இன்றும் உள்ளன. சிறையிற் பிறந்த நூல், அதே நகரத்து மைந்தன் ஒருவனின் கைக்கும் வந்து சேர்ந்தது. அவன் வழிதிறந்த நாடுகளிலிருந்து ஸ்பெயினுக்கு வந்த வெள்ளி, அதன் அரசர்க்குக் கடன் கொடுத்த ஜெனோவா வணிகரின் பெட்டிகளில் வந்து குவிந்தது.

அந்த வெள்ளி மாளிகைகளாகவும் ஓவியங்களாகவும் மாறிற்று. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் “புதிய தெரு” என்று ஒரு நேரிய வீதி வகுத்து, அதன் இருபுறமும் செல்வக்குடியினர் மாளிகைகளை எழுப்பினர். வந்த அரசரையும் தூதரையும் எந்தக் குடும்பம் விருந்தோம்புவது என்று 1576-ஆம் ஆண்டிலிருந்து பட்டியல் வகுத்தனர். அப்பட்டியலைச் சேர்ந்த 42 மாளிகைகளை 2006-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகத்தின் பொதுச்செல்வமாக அறிவித்தது. ரூபன்ஸ் என்னும் ஓவியர் இம்மாளிகைகளின் அமைப்பை வரைபடங்களாக 1622-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். வான் டைக் என்பவர் அந்நகரில் தங்கிச் சீமான்களையும் சீமாட்டிகளையும் உருவப்படங்களாகத் தீட்டினார். கரிய பட்டும் வெள்ளிய கழுத்துச் சரிகையும் அணிந்து, காண்பவரை மேலிருந்து கீழாக நோக்கும் அம்முகங்களைப் படங்களிற் கண்டேன். அழகில் குறையொன்றுமில்லை. ஆயினும், அச்சரிகைக்கு விலையாகிய வெள்ளியைத் தென்னமெரிக்கச் சுரங்கங்களில் வெட்டியெடுத்த செவ்விந்தியக் கூலிகளின் முகம் எவரால் தீட்டப்பட்டது என்னும் வினாவும் உடன் எழுந்தது.

நகரத்தின் பெருமிதம் பலமுறை சோதிக்கப்பட்டது. 1797-ஆம் ஆண்டில் பழைய குடியரசு முடிவெய்தியது. 1941-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், பிரித்தானியக் கடற்படை ஏவிய பெருங்குண்டு ஒன்று தூய லாரன்ஸ் பேராலயத்தின் சுவரைத் துளைத்து உள்ளே விழுந்து வெடியாமற் கிடந்தது. அத்தகைய குண்டு ஒன்றை ஆலயத்துக்குள்ளேயே நன்றியுரையோடு நிறுத்திவைத்துள்ளனர். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், 1967-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட உயர்ந்த பாலம் ஒன்று மழையினூடே இடிந்து விழுந்து 43 பேர் மாண்டனர். அந்நகரிற் பிறந்த கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வகுத்த புதிய பாலம் 2020-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மரகதமும் பாலமும் மக்கள் ஐயுறாது நம்பியிருந்தவை. இரண்டும் ஒருநாள் உடைந்தன.

நகரின் புறத்தே ஸ்தல்யேனோ என்னும் கல்லறைத் தோட்டம் உள்ளது. 1851-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சலவைக்கற் சிலைகளால் உலகறிந்தது. இத்தாலியின் விடுதலைக்கு உழைத்த மாஜினி அங்கே அடக்கம் பெற்றுள்ளார். அவர் 1805-ஆம் ஆண்டில் ஜெனோவாவிற் பிறந்தவர். மாஜினியின் சபதத்தை நம் பாரதியார் தமிழ்ப் பாட்டாக்கினார் என்பது தமிழ் பயில்வோர் அறிந்ததே. ஆயினும் அத்தோட்டத்தில் என் உள்ளத்தைக் கவர்ந்தது மாஜினியின் கல்லறையன்று. ஒரு கிழவியின் சிலை. அவள் பெயர் கத்தெரீனா கம்போதோனிக்கோ. சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கொட்டைப் பருப்பைச் சரமாகக் கோத்து விற்றுப் பிழைத்தவள். சிறுகச் சிறுகச் சேர்த்த காசையெல்லாம் கொடுத்து, செல்வர்க்குச் சிலை செய்யும் ஒரேங்கோ என்னும் சிற்பியிடம் தனக்கும் ஒரு சிலை செய்யச் சொன்னாள். 1881-ஆம் ஆண்டில் அது நிறுவப்பட்டது. மடிப்புக் கலையாத நல்லாடை உடுத்து, கையிற் பருப்புச் சரத்தையும் அப்பத்தையும் ஏந்தி, சீமான்களின் கல்லறைகளுக்கு நடுவே அவள் நிமிர்ந்து நிற்கின்றாள். தன் தொழிலை அவள் மறைத்தாளில்லை. அதனையே கையில் ஏந்தி நின்றாள்.

அப்படத்தின் முன் யான் நெடுநேரம் தலைகுனிந்து இருந்தேன். எனக்கு என் பாட்டனாரின் நினைவு வந்தது. கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றின் வகைகளை அவர் முகத்தில் படும் குளிர்ச்சியாலேயே பிரித்தறிவார். கரையிலுள்ள கோவில் உச்சியையும் ஒற்றைப் பனையையும் நேர்படுத்திக் கடலின் அடியிலுள்ள பாரின் இடத்தைச் சுட்டுவார். பாய் கிழிந்த ஒரு புயலிரவில், கொழும்புக்கு இப்பால் விண்மீன் ஒன்றையே பற்றிக்கொண்டு கரை சேர்ந்த கதையை விடுமுறைதோறும் சொல்லுவார். ஒருநாள் அக்கதையின் நடுவே நிறுத்தி, “ஏலே, நீ நாலெழுத்துப் படிச்சவன்தானே? இதையெல்லாம் ஒரு நோட்டில எழுதிப் போடு” என்றார். “பரீட்சை முடியட்டும் தாத்தா” என்றேன். பரீட்சை முடிந்தது. அடுத்த ஐப்பசியில் அவரும் மறைந்தார். புயலின் கதை எனக்குப் பாதியே நினைவிலுள்ளது. எந்த விண்மீன் என்பது மறந்துபோயிற்று.

மார்க்கோ போலோ சிறைப்படாமல் வெனிசிலேயே வாணிகஞ் செய்து முதுமையடைந்திருந்தால், அவன் கண்டதும் அவனோடு புதையுண்டிருக்கும். அவனுக்கு ஒரு ருஸ்திகெல்லோ கிடைத்தான். ஜெனோவாவார் பேராலயத்திற் பூட்டிக் காத்தது கண்ணாடியாய் முடிந்தது. இழிவாக எண்ணிச் சிறையிற் பூட்டியது அறுநூறு எழுநூறு ஆண்டுகள் கடந்தும் காயலின் பெயரைக் காத்து நிற்கின்றது. எது மரகதம், எது கண்ணாடி என்று பிரித்தறிவது அப்பெருநகரத்துக்கே எளிதாயிருக்கவில்லை. யானும் அங்ஙனமே பிழைத்தேன். நகரங்களின் பெயரை மரகதமென்று எண்ணி, எம் வீட்டுத் திண்ணையிலிருந்த மணியைக் கைவிட்டேன்.

என் பாட்டனாரோடு தோணியிற் சென்ற முதியவர் ஒருவர் இன்னும் எம் ஊரில் இருக்கின்றார். செவிப்புலன் மங்கிவிட்டது; நினைவு மங்கவில்லை. சென்ற விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் திண்ணையிற் சென்று அமர்ந்தேன். முதல்நாள் காற்றின் பெயர்களை மட்டும் எழுதினேன். மறுநாள் அந்தப் புயலிரவைப் பற்றி உரத்துக் கேட்டேன். அவர் நெடுநேரம் கடலையே பார்த்திருந்துவிட்டு, “அது மேகம் கிழிஞ்சு ஒரு கணம் தெரிஞ்ச வெள்ளி. உன் தாத்தன்தான் கண்டான், நாங்க ஒருத்தரும் காணல்ல” என்றார். அதனையும் எழுதிக்கொண்டேன்.

நண்பர்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகைய முதியவர் ஒருவர் இருத்தல் கூடும். உழவரோ, நெசவாளரோ, உபதேசியாரோ, வீடுவீடாகச் சென்று வேதம் படித்த மாதரசியோ, எவராயினும் ஆகுக. இவ்விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஊருக்குச் செல்லுங்கள். இப்போது எவரேனும் என் ஊரைக் கேட்டால் அதன் பெயரைத் தெளிவாகவே சொல்லுகின்றேன். அதனை அடுத்த பழைய துறையைப் பற்றி ஜெனோவா நகரத்துச் சிறையில் எழுதப்பட்டுள்ளது என்பதையும் சேர்த்துச் சொல்லுகின்றேன்.